எனக்காக எழுந்து நின்றவளுக்கு

உன் பாவாடை இப்போது என் மடியில் கிடக்கிறது. பச்சையும் கடும் நீலமுமாய்க் கட்டம் போட்ட, எங்கள் பள்ளிக்கூடத்துக் கம்பளிப் பாவாடை. உன் அம்மா தந்த பையைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் வீடு முழுக்கப் பரவியது. அதற்குக் கீழே, மூக்கைக் கிட்ட வைத்தால் மட்டும் தெரிகிற இன்னொரு மணம் இருந்தது. மழையில் நனைந்த கம்பளி ஹீற்றரில் காய்கிற மணம். அந்த மணத்தோடுதான் நாங்கள் இரண்டு பேரும் லத்தீன் படித்தோம்.

பாவாடை விலகாமல் ஓரத்தில் குத்துகிற பெரிய ஊசியும் அப்படியே இருக்கிறது. என் மகள் அதைக் கண்டதும் தவழ்ந்து வந்தாள். பறித்து ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். பிறகு, அங்கேயிருந்து விழுந்தால் என்ன செய்வது என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். நான் இப்போது இப்படித்தான் இருக்கிறேன். பதினாலாம் மாடி. பல்கனிக் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, பூட்டுக்கு மேலே கதவோடு சேர்த்து பசைநாடாவும் ஒட்டியிருக்கிறேன். இவர் விடிய முன்னமே காரை எடுத்துக்கொண்டு மிசிசாகாவுக்கு வேலைக்குப் போனால் இருண்டபிறகுதான் வருவார். இந்தக் கிழமை லிஃப்ற் இரண்டில் ஒன்று ஓடவில்லை. மற்றதற்குள் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏற எனக்குப் பயம், நடுவில் நின்றுவிட்டால் என்று. அதனால் நான்கு நாளாக நாங்கள் இருவரும் கீழே இறங்கவில்லை. நீ இருந்திருந்தால், "எடி லூசு, படி எண்டு ஒண்டு இருக்கு" என்று சொல்லியிருப்பாய்.

மகள் இப்போது நித்திரை. எனக்கு ஒரு மணித்தியாலம் இருக்கிறது. நடுவில் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன், அதைக் கழித்துப் பார்த்தால் முக்கால் மணித்தியாலம். நீ போய் ஒரு வருடமாகப் போகிறது. இந்தக் கடிதம் பிந்தித்தான் வருகிறது. எவ்வளவு பிந்தியது என்று கடைசியில் உனக்கே விளங்கும்.

போன கிழமை அன்ரி, உன் அம்மா, விட்பியிலிருந்து ரெயினும் பஸ்ஸும் மாறி மாறி எடுத்து என்னிடம் வந்தார். உனக்கு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை வைக்கப்போகிறார்களாம். ஒரு நினைவு மலரும் அடிக்கிறார்களாம். உன் பெரியப்பா எழுதிவிட்டார், உன் ஒஃபிஸில் இருந்து இரண்டு பேர் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள்.

"பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, பிள்ளை. நீர்தான் அவளோடை இருந்தனீர். ரெண்டு பக்கம் எழுதித் தாரும்."

ஓம் என்றேன். தேத்தண்ணி குடித்தார். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, உன்னுடைய கை மாதிரியே நீளமான விரல் என்றார். அப்படி இருக்க ஒரு நியாயமும் இல்லை, ஆனால் நானும் ஓம் என்றேன். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"அவள் அந்த அப்பத்தை ஏன் எடுத்தவள் எண்டு உமக்காவது சொன்னவளே?"

நான் கதவுச் சங்கிலியைக் கழற்றினேன்.

"ஆறு வருஷம் கேட்டுப் பாத்திட்டன். 'விடுங்கோ அம்மா' எண்டதுக்கு மேலை ஒரு சொல்லு வராது. அவள் போனதை நான் தாங்குவன் பிள்ளை. ஆனா அதுக்கு மன்னிப்புக் கேக்காமலே போயிட்டாளோ எண்டு நினைச்சா நித்திரை வராது."

"தெரியாது, அன்ரி," என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு, அவர் லிஃப்றுக்குள் ஏறும் சத்தம் வரும்வரை கதவிலேயே சாய்ந்து நின்றேன். உனக்குத் தெரியும், நான் சொன்னது பொய். முன்பு வாய் திறக்காமல் சொன்ன பொய்யை இப்போது வாய் திறந்து சொன்னேன்.

அதன்பிறகு மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் ஹொக்கி விளையாட்டைப் பற்றி எழுதினேன். இரண்டாவதில் உன் குரலைப் பற்றி. மூன்றாவதில் 'நட்பு என்பது' என்று தொடங்கியிருந்தேன், அதை நானே வாசிக்கவில்லை. இது நாலாவது. இதில் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தை அறியாதவர்களும் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ பொறு. அது அங்கிலிக்கன் சபையின் வழியில் நடக்கிற தனியார் பெண்கள் பள்ளிக்கூடம். பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்துவதுதான் அதன் வேலை. பதினோராம் வகுப்பில் நாங்கள் சேர்ந்தபோது அங்கே தமிழ்ப் பிள்ளைகள் என்று இருந்தது நாம் இரண்டு பேர்தான். உன் குடும்பம் யாழ்ப்பாணத்திலேயே நாலு தலைமுறையாக அந்தச் சபை. உன் அப்பா இங்கே தமிழ் ஆராதனைக்குப் பொறுப்பானவர். நாங்கள் சைவம். கொழும்பில் ஒன்றரை வருடம் விசாவுக்கு அலைந்து வந்த அகதிக் குடும்பம். எங்களுக்குக் கம்பளிப் போர்வையும் பாத்திரங்களும் கொண்டுவந்து தந்த சேர்ச்சுப் பெண்களில் ஒருவர், நான் ஆங்கிலம் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, என்னை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உதவித்தொகையில் சேர்த்துவிட்டார். அப்பா அன்றைக்கு அழுதார். அந்த அழுகைக்குப் பிறகு எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை என்று சொல்ல வழி இருக்கவில்லை.

அங்கே எவரும் என்னிடம் கெட்டவர்களாக நடக்கவில்லை. அதுதான் பிரச்சினை. எல்லோரும் நல்லவர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நன்றி சொல்லவேண்டியிருந்தது. பிளேசர் பழையது ஒன்று தந்தார்கள், நன்றி. அகராதி தந்தார்கள், நன்றி. ஆங்கில வகுப்பில் பன்னிரண்டு பேர் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி இருந்து பேசவேண்டும். பேச்சுக்கும் புள்ளி உண்டு. என் முறை வருவதற்குள் வசனத்தைத் தலைக்குள் மூன்று தரம் ஓட்டிப் பார்ப்பேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும். தவணை அறிக்கையில் ஒவ்வொரு தரமும் ஒரே வரி இருந்தது: இவள் இன்னும் பேச வேண்டும். நீ அதை வாசித்துவிட்டு, "பஸ்ஸிலை வந்து பாக்கட்டும்" என்றாய்.

ஏனென்றால் பஸ்ஸில் நான் வாய் மூடியதே இல்லை. வெக்ஸ்போர்ட்டில் நான் ஏறும்போது நீ எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். அங்கேயிருந்து சப்வே வரை லத்தீன். உனக்கு அது ஏறவே இல்லை. எனக்கு மட்டும் எப்படி ஏறுகிறது என்று கேட்டாய். நான் அதை வாய்ப்பாடு பாடுகிற ராகத்தில் பாடிக் காட்டினேன். மென்சா, மென்சாம், மென்சே. ஈரிரண்டு நாலு, இருமூன்று ஆறு. நீ சிரித்துச் சிரித்து, பிறகு நீயும் பாடத் தொடங்கினாய். முன் சீற்றில் இருந்த கிழவர் திரும்பி, அது என்ன மொழி என்று கேட்டார். "தமிழ்," என்றாய், கொஞ்சமும் யோசிக்காமல்.

அதற்குப் பதிலாக நீ எனக்குப் பள்ளிக்கூடச் சிற்றாலயத்து வழக்கங்களைச் சொல்லித் தந்தாய். காலை எட்டு இருபதுக்கு எல்லோரும் அங்கே இருக்கவேண்டும். எப்போது எழும்ப, எப்போது முழந்தாளிட, பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கம், எல்லாம் உன் முழங்கையில் இருந்து எனக்கு வரும். ஒரு இடி என்றால் எழும்பு. இரண்டு இடி என்றால் இரு. தவணைக்கு இரண்டு தரம், பாதிரியார் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆராதனை நடக்கும். அதற்கும் சொல்லித் தந்தாய்.

"வரிசையிலை எல்லாரோடையும் போ. போய் முழந்தாளிலை இருந்து, ரெண்டு கையையும் நெஞ்சிலை இப்பிடிக் குறுக்கா வை. அப்ப அவர் தலையிலை கை வைச்சு ஆசீர்வாதம் மட்டும் தருவார். அப்பம் தரமாட்டார். ஞானஸ்நானம் எடுக்காத ஆக்களுக்கு அதுதான் முறை."

"கையை நீட்டினா?"

"நீட்டாதை."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. இதை நான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், எல்லாம் இதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு பரீட்சைத் தாளின் அடியிலும் எங்கள் கையால் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். நான் எவருக்கும் உதவி கொடுக்கவும் இல்லை, எவரிடமும் பெறவும் இல்லை என்று. அதனால் பரீட்சை அறையில் காவலுக்கு எவரும் இருப்பதில்லை. பிழை ஏதும் நடந்தாலும் விசாரணை இல்லை. ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்கவும் கூடாது. காலை ஜெபம் முடிந்ததும் அதிபர், நிற்கவேண்டியவர்கள் நிற்கலாம் என்பார். பிறகு ஒரு நிமிட மௌனம். பிழை செய்தவள் தன் இடத்தில் எழுந்து நிற்பாள். அதிபர் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். மிச்சம் ஒஃபிஸில். பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள், ஆய்வுகூடத்தில் உடைந்த குடுவை, பார்த்து எழுதிய லத்தீன் பயிற்சி. நிற்கிற பிள்ளையைப் பிறகு ஒருவரும் கேலி செய்வதில்லை. நின்றவளுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பின் பனிக்காலத்தில் என் அம்மாவுக்கு வயிற்றில் ஒப்பரேஷன். காயம் ஆறவில்லை, சீழ் பிடித்துவிட்டது. ஐந்தாவது கிழமையும் படுக்கை. அப்பாவுக்கு இரண்டு வேலை, கார் இல்லை. கோயில் அப்போது எங்கோ தொழிற்சாலைகளுக்கு நடுவில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா கேட்பார், "கோயிலாலை ஆரும் ஏதும் கொண்டு வந்தவையே?" எவரும் வரவில்லை. எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமைதான் திருவிருந்து. நீ அன்றைக்கு என்னருகில் இல்லை. சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் முன்னுக்கு நடக்கிறவளாக உன்னைத் தெரிவுசெய்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நீ மிக விரும்பிய வேலை அது. வெள்ளை அங்கியோடு நீ முன்னால் போய் நின்றாய். நான் தனியாக வரிசையில் போனேன். முழந்தாளிட்டேன். கையைக் குறுக்கே வைக்கத்தான் போனேன். பக்கத்தில் இருந்தவளின் உள்ளங்கையில் அந்த வெள்ளை வட்டம் விழுவதைக் கண்டேன். அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், யோசனை என்று ஒன்று இருக்கவில்லை. இடக்கைக்கு மேல் வலக்கையை வைத்து நீட்டினேன், கோயிலில் நீட்டுகிற மாதிரி. பாதிரியார் வைத்தார். வராத ஆளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோவதுதானே எங்கள் பழக்கம். வாயில் வைக்காமல் கை துடைக்கிற லேஞ்சிக்குள் மடித்து பிளேசர் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். கோயிலிலிருந்தா என்று கேட்டார். ஓம், பள்ளிக்கூடத்துக் கோயில் என்றேன். அம்மா கண்ணில் ஒற்றி, படுத்த படுக்கையிலேயே அதை நாலாகப் பிரித்தார். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. தன் பங்கை நாக்கில் வைத்துவிட்டு, "உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனா வாய்க்கு இதமாத்தான் கிடக்கு" என்றார்.

திங்கட்கிழமை அதிபர் எழுந்து சொன்னபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. அப்பத்தை வெளியே கொண்டுபோவது அவர்களுக்கு எவ்வளவு பாரதூரமானது என்று பாதிரியார் விளக்கினார், கோபமில்லாமல், நோயாளியைப் பற்றிப் பேசுகிற குரலில். பீடத்தில் உதவிக்கு நின்ற மாணவி ஒருத்தி, ஒரு கை லேஞ்சியை மடிப்பதைக் கண்டிருக்கிறாள். முகத்தைக் காணவில்லை. கையைத்தான் கண்டாள். எப்படிப்பட்ட கை என்று அதிபர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்தச் சிற்றாலயத்தில் மண்ணிறக் கைகள் நாலுதான், அதில் இரண்டு உன்னுடையவை. ஊர்வலத்தில் வந்தவர்களும் அங்கியைக் கழற்றிவிட்டு வரிசையில்தான் வாங்கினார்கள்.

ஒரு நிமிடம் மௌனம். எவரும் நிற்கவில்லை. செவ்வாயும் அப்படியே. பஸ்ஸில் நீ என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"எடியே, நீதானே?"

சொன்னேன். நாலாகப் பிரித்ததையும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, உனக்குச் சிரிப்பு. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கச் சிரித்தாய். "அப்ப உங்கட வீடு முழுக்க இப்ப அங்கிலிக்கன். உன்ரை அப்பருக்குச் சொல்லிப் போடு." பிறகு சிரிப்பு நின்றது.

"நாளைக்கு எழும்பு. ஒண்டும் செய்யமாட்டினம். தெரியாமச் செய்தனி எண்டு ஆருக்கும் விளங்கும். பாதிரியார் சிரிச்சாலும் சிரிப்பார்."

"உதவித்தொகையை நிப்பாட்டிப் போட்டா?"

"மாட்டினம்."

"உனக்கென்னெண்டு தெரியும்? அப்பா... அப்பா தாங்கமாட்டார். நீ சொன்னனி கையை நீட்டாதை எண்டு. தெரியாமச் செய்தன் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

நீ உன் சான்விச்சில் பாதியைப் பிய்த்துத் தந்தாய். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினேன்.

புதன்கிழமை. இன்றைக்கும் எவரும் நிற்காவிட்டால் வீடுகளுக்கு ரெலிபோன் எடுக்கவேண்டிவரும் என்று அதிபர் சொன்னார். எந்த வீடுகள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா வேலைக்கு வெளிக்கிடும் நேரம், அம்மா படுக்கையில், ரெலிபோன் அடிக்கும். அந்த நிமிடத்தின் ஒவ்வொரு நொடியையும் நான் இப்போதும் சொல்வேன். ஹீற்றர் குழாய் தட்டுகிற சத்தம். யாரோ இருமியது. என் முழங்காலுக்கு மேலே பாவாடை ஊசி மினுங்கியது. எழும்பு, எழும்பு என்று காலுக்குச் சொன்னேன். இருக்கை, பிளேசர், நன்றி, அப்பாவின் அழுகை எல்லாம் சேர்ந்து என்னைப் பிடித்து இருத்தியிருந்தன. நீ ஒரே ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பாயே, அப்படி.

பிறகு நீ எழுந்து நின்றாய்.

நான் செய்திருந்தால் அது அறியாப் பிள்ளையின் பிழை. நீ செய்ததாக ஆனபோது அது பாவம். ஞானஸ்நானத்துக்குப் பிறகு திடப்படுத்தலும் எடுத்தவள், சிலுவை தூக்குகிறவள், ஆராதனை நடத்துகிறவரின் மகள். ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். நீ சொல்லவில்லை. சொல்லாததுதான் எல்லாவற்றையும் விட மோசமாயிற்று. சிலுவையை உன்னிடமிருந்து எடுத்தார்கள். உன் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒஃபிஸ் வாசலில் நின்றதை நான் படிக்கட்டில் நின்று கண்டேன். அப்போதும் நான் இறங்கி வரவில்லை. அங்கிளுக்கு அது வாழ்க்கையில் பட்ட பெரிய அவமானம். அந்தக் கோடையோடு உன்னை நிற்பாட்டி, வீட்டை விற்று, விட்பிக்கு மாறி, உன்னை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். உன்னை அவர் அடிக்கவில்லை. ஆறு மாதம் உன்னோடு பேசவில்லை என்று பிறகு சொன்னாய், காலநிலை சொல்வது மாதிரி.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒரே ஒரு தரம், பஸ்ஸில். "விடு. ஆரோ ஒராள் நிக்கத்தானே வேணும்" என்றாய். அதன்பிறகு நீ அதைப் பேசவே இல்லை. என் கலியாணத்துக்கு வந்து, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்று என் கூறைச் சேலையின் சுருக்கத்தைச் சரிசெய்தாயே, அப்போதும் பேசவில்லை.

அப்போது இங்கே பதின்மூன்றாம் வகுப்பும் இருந்தது, அந்தக் கடைசி வருடம் நான் தனியாக இருந்தேன். இடிக்க முழங்கை இல்லை. ஆனால் அதற்குள் எல்லாம் பாடமாகியிருந்தது. ஒவ்வொரு பரீட்சைத் தாளின் அடியிலும் எவரிடமும் உதவி பெறவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். பள்ளியை விட்டுப் போகிற ஒவ்வொரு மாணவியும் சிற்றாலயத்தில் ஏறி ஐந்து நிமிடம் பேசவேண்டும். நான் விமானநிலையத்தில் வந்திறங்கிய நாளைப் பற்றிப் பேசினேன். பனியைச் சீனி என்று தம்பி நினைத்ததைச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முன்னால் முந்நூறு பேர், ஒலிவாங்கி, ஐந்து முழு நிமிடங்கள். அதில் ஒரு வசனம் போதும். நான் சொல்லவில்லை. இவள் கடைசியில் பேசத் தொடங்கிவிட்டாள் என்று அதிபர் பாராட்டினார். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் என்னை நேர்மையான பெண் என்று எழுதினார். அந்தக் கடிதத்தால்தான் எனக்கு இடம் கிடைத்தது. அதன் பிரதியைப் பட்டத்தோடு சேர்த்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். வேலை தேடி எங்கே போனாலும் அதை மட்டும் காட்டியதில்லை.

போன மாசியில், நெடுஞ்சாலை கண்ணாடியாய் உறைந்திருந்த காலை, நீ வேலைக்குப் போகிற வழியில் போய்விட்டாய். இவர்தான் செய்தியைச் சொன்னார். எனக்கு அப்போது மூன்று மாதக் கைக்குழந்தை. உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? இனி எவருக்கும் தெரியவராது என்பது. அந்த நினைப்பு வந்த பயத்தில்தான் நான் அன்றைக்கு அழுதேன். எல்லோரும் உனக்காக என்று நினைத்து எனக்குத் தண்ணி தந்தார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்தபோது மகள் எழும்பிவிட்டாள். பால் கொடுத்தேன். இந்தத் தாள்களைத் தபாலில் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்ரி தனியே இருந்து வாசிக்கட்டும், நான் பதினாலாம் மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கலாம். பிறகு அதுவும் இருக்கையோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் என்று பட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு ரெலிபோனை எடுத்தேன்.

அன்ரி தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டபடி பேசினார். "எழுதிப் போட்டீரே, பிள்ளை?"

"எழுதிப் போட்டன். அன்ரி, அந்த அப்பத்தை எடுத்தது அவள் இல்லை. நான்."

குழாய்ச் சத்தம் நின்றது.

சொல்லி முடித்தேன். லேஞ்சி, வெள்ளிக்கிழமை, மூன்று காலைகள், நீ திரும்பிப் பார்த்தது. அவர் அழுகிறாரா, ரெலிபோனை வைத்துவிட்டுப் போய்விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மகள் ரெலிபோன் வயரைப் பிடித்து இழுத்தாள்.

"ஆருக்குக் கொண்டு போனீர்?"

"அம்மாவுக்கு. ஒப்பரேஷன் செய்து படுக்கையிலை கிடந்தவ."

அவர் கதிரையை இழுத்து இருக்கிற சத்தம் கேட்டது.

"சுகம் வந்ததே அவவுக்கு?"

நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன், இதற்கு இருக்கவில்லை. காயம் ஆறியது மருந்தால்தான். இருந்தாலும், "ஓம், அன்ரி. வந்தது" என்றேன்.

"அப்ப அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு," என்றார். பிறகு குரல் உடைந்தது. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பாவி. என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்." என்னையா உன்னையா என்று நான் கேட்கவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, முன்னைய குரலிலேயே சொன்னார்: "அப்பிடியே மலரிலை போடும். ஒண்டையும் வெட்டவேண்டாம். இவர் ஆறு மணிக்கு வருவார். நான் அவருக்குச் சொல்லமாட்டன். நீர்தான் சொல்லவேணும்."

இப்போது ஐந்தரை. பாவாடையை மடித்துப் பைக்குள் வைக்கவில்லை, கதிரையில் போட்டிருக்கிறேன். நினைவு ஆராதனைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு ரெயினில் வருவேன். படியால் இறங்குவேன். வரிசையில் போய் முழந்தாளிட்டு, நீ சொல்லித் தந்த மாதிரிக் கையைக் குறுக்கே வைப்பேன். இந்த வருடங்களில் கோயிலில் எது தந்தாலும் அங்கேயே நின்று வாயில் போட்டுவிடுகிறேன், ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. உன்னிடமிருந்து கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த ஒரு நிமிடம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இத்தனை நாளும் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

ஆறு மணிக்கு நான் அழைத்தபோது அங்கிள் ரெலிபோனை எடுத்து, "ஹலோ, ஆர் பேசுறது?" என்றார்.

நான் கதிரையை விட்டு எழுந்து நின்றேன்.